மூக்கு ஏன் மூக்காகவே இருக்கிறது?



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், அக்கா ஒருவருக்குத் துணையாக அரசு மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவில் காத்திருந்தோம். பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறோம். வயது 53. ஆறு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்தவர். அதன்பிறகு நூறு நாள் வேலைக்கும் போனார், களையெடுக்கவும் போனார். 'நோயை ஜெயிச்சவங்க' என்று மகளிர் கூட்டங்களில் அவரை மேடையேற்றிப் பேச வைத்தவர்கள் நாங்கள்தான். பிறகு முதுகுவலி வந்தது. வேலை செய்த அலுப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது.

மருத்துவர் நல்லவர். ஆனால் வெளியே நீண்ட வரிசை. சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி, மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் அக்கா எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்.

"அதான் அறுத்து எடுத்துப் போட்டாங்களே, அப்புறம் எங்கேருந்து வந்துச்சு?"

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது. "எங்க ரத்தத்துலயே இருக்குன்னு எங்க அண்ணி சொல்றாங்க. நெசமா?"

அந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் ஒரு கல்யாணம் இருந்தது. அக்காவின் மகளை அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. நோய் திரும்ப வந்த செய்தி தெரிந்ததும் அண்ணி பின்வாங்கிவிட்டார். "மாத்திரையை ஒழுங்காப் போட்டிருந்தா வந்திருக்குமா?" என்று வேறு பேச்சு. அக்கா ஒரு நாளும் மாத்திரையை விட்டவரில்லை. காலியான மாத்திரை அட்டைகளைக்கூட ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார், யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

சமூகவியலில் முதுகலை முடித்த எங்களிடம் அன்று பதில் இல்லை. "அப்படியெல்லாம் இல்லக்கா" என்று சொன்னோம். அது ஆறுதல், பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடப் போய்த்தான் மினா பிஸ்ஸெல் என்ற மூலக்கூறு உயிரியலாளரை வந்தடைந்தோம். எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் உயிர்வேதியியல் படிக்கும் ஒரு மாணவி இருக்கிறார். அக்காவின் கேள்விகளை வட்டத்தில் வைத்தபோது, பிஸ்ஸெல் 2012-ல் எடின்பரோவில் நடந்த டெட் மாநாட்டில் ஆற்றிய உரையை அவர்தான் போட்டுக்காட்டினார். அதன்பிறகு பல வாரங்கள் அவருடைய ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்தோம். புரியாத இடங்களில் அந்த மாணவியே எங்களுக்கு ஆசிரியர்.

பிஸ்ஸெல் 1940-ல் ஈரானின் தெஹ்ரானில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். ஹார்வர்டோடு இணைந்த பெண்கள் கல்லூரியான ராட்க்ளிஃபில் வேதியியல். பிறகு ஹார்வர்டிலேயே பாக்டீரியா மரபியலில் 1969-ல் முனைவர் பட்டம். 1972-ல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அணு இயற்பியலுக்குப் பெயர் போன இடம் அது. அங்கே இருந்துகொண்டு அவர் பிடித்த கேள்வி, ஒரு குழந்தை கேட்கக்கூடியது.

நம் உடம்பில் பல லட்சம் கோடி செல்கள். மிகச் சில வகைகளைத் தவிர எல்லாவற்றிலும் ஒரே மரபணுத் தொகுப்பு. மூக்கில் இருப்பதும் அதுதான், முழங்கையில் இருப்பதும் அதுதான். அப்படியானால் மூக்கு ஏன் ஒரு நாள் காலையில் முழங்கையாக மாறிவிடுவதில்லை? தான் மூக்கு என்பதை மூக்கின் செல்லுக்கு யார் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்கள்?

கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அது கேட்கப்பட்ட காலத்தைப் பாருங்கள். 1911-ல் பெய்டன் ரௌஸ் என்பவர், கோழிகளுக்குப் புற்றுக்கட்டியை உண்டாக்கும், வடிகட்டியில் சிக்காத ஒன்றைக் கண்டறிந்து அறிவித்தார். பின்னாளில் அது ரௌஸ் சார்கோமா வைரஸ் என்று அறியப்பட்டது. அதில் உள்ள ஒரே ஒரு மரபணு போதும், ஆய்வகத் தட்டில் வளரும் நல்ல செல்லைப் புற்றுச் செல்லாக்கிவிட. 1976-ல் மைக்கேல் பிஷப், ஹரால்ட் வார்மஸ் குழுவினர் இன்னொரு படி மேலே போய், அந்த மரபணுவின் மூலவடிவம் சாதாரண செல்களிலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். பிஸ்ஸெல்லின் ஆய்வகத்துக்கு வளைகுடாவின் மறுகரையில், சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆய்வு அது. 1989-ல் அதற்கு நோபல் பரிசு. புற்றுநோய் என்றால் மரபணு கெட்டுப்போவது. கெட்ட மரபணு இருந்தால் செல் கெட்டது. இதுதான் அன்றைய பெரும் நீரோட்டம். பொய்யில்லை. ஆனால் அதுவே முழுக்கதையா என்று பிஸ்ஸெல் கேட்டார்.

அதே ரௌஸ் வைரஸைத்தான் எடுத்தார். அவருடைய மாணவர் டேவிட் டோல்பெர்க்கும் அவரும், முட்டைக்குள் வளரும் கோழிக் கருவில் அதைச் செலுத்தினார்கள். வைரஸ் செல்களுக்குள் புகுந்தது. புற்றை உண்டாக்கும் மரபணுவும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் கட்டி வரவில்லை. அதே கருவிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் போட்டபோது அவை புற்றுச் செல்களாக மாறின. 1984-ல் நேச்சர் இதழில் வந்தது இந்த ஆய்வு. மரபணு அதே. செல் அதே. இடம்தான் மாறியது.

அடுத்து வளர்ந்த கோழிக்குஞ்சுகள். ஒரு இறக்கையில் வைரஸை ஊசியால் ஏற்றினால் அந்த இடத்தில் கட்டி வரும். வைரஸ் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றினாலும் மற்ற இடங்களில் கட்டி வருவதில்லை. ஏன்? ஊசி குத்திய இடத்தில் மட்டும் என்ன இருக்கிறது? காயம் இருக்கிறது. அதைச் சோதிக்க மறு இறக்கையில் சிறு காயம் செய்தார்கள். அங்கேயும் கட்டி வந்தது. காயத்தை ஆற்றுவதற்காக உடம்பு அனுப்பும் வேதிச் செய்திகளே அந்த மரபணுவுக்கு வாசலைத் திறந்துவிடுகின்றன என்று அவர்களுடைய தொடர் ஆய்வுகள் காட்டின.

சரி, இடம் என்றால் என்ன? செல்கள் நம் உடம்பில் தனித்தனியாக மிதப்பதில்லை. அவற்றைச் சுற்றிப் புரத இழைகளால் ஆன ஒரு வலைப்பின்னல் இருக்கிறது. கட்டடத்துக்குச் சாரம் மாதிரி வெறுமனே தாங்கி நிற்பது என்றுதான் அதைப் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். 1982-ல் பிஸ்ஸெல் தன் சகாக்களுடன் எழுதிய கோட்பாட்டுக் கட்டுரை வேறொன்றைச் சொன்னது. அந்த வலை பேசுகிறது. செல்லின் மேற்பரப்பு வழியாக உள்ளே சேதி போகிறது, எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்று. பதிலுக்குச் செல்லும் அந்த வலையை மாற்றி அமைக்கிறது. ஒருவழிக் கட்டளை இல்லை, இருவழிப் பேச்சு.

கட்டுரை எழுதினால் போதாதே, காட்ட வேண்டும். கர்ப்பமான எலியின் மார்பகத்திலிருந்து செல்களை எடுத்துத் தட்டையான பிளாஸ்டிக் தட்டில் போட்டால், அவை தட்டையாகப் படர்ந்து, பால் சுரப்பதையே மறந்துவிடும். லேமினின் என்ற புரதம் நிறைந்த மெத்தென்ற கூழில் அதே செல்களை வைத்தார்கள். அவை ஒன்றுகூடிச் சிறு உருண்டைகளாகின. நடுவில் வெற்றிடம் விட்டு அதற்குள் பாலைச் சுரந்தன. பால் சுரக்கும் மரபணு எங்கும் போய்விடவில்லை. அதற்கு உரிய இடம் கிடைக்காமல் இருந்தது.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு பழைய தவறு நினைவுக்கு வந்தது. முதுகலைக் களப்பணியில், பெண்கள் ஏன் தாமதமாக மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு செய்தோம். படிவத்தில் கட்டங்கள். அதில் நாங்கள் அதிகம் டிக் அடித்த கட்டம் 'விழிப்புணர்வு இல்லை'. பின்னாளில் அக்காவோடு பழகியபோதுதான் தெரிந்தது. முதல்முறை கட்டி வந்தபோது நான்கு மாதம் அவர் காத்திருந்தது தெரியாமல் இல்லை. கட்டி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். நடவுக்கு முன்பணம் வாங்கியிருந்தார். பட்டணம் போகக் காலை ஒரே பேருந்து. கூட வர ஆளில்லை. படித்துத் தேர்ந்தவர்கள் நாங்கள், ஒரு மனுஷியை அவர் வாழும் இடத்திலிருந்து பிய்த்தெடுத்து ஒரு கட்டத்துக்குள் போட்டு, 'இவருடைய இயல்பு இது' என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். பிளாஸ்டிக் தட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, இந்தச் செல்லுக்குப் பால் சுரக்கத் தெரியாது என்று சொல்வது மாதிரி.

பிஸ்ஸெல்லின் ஆய்வுகளில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது 1997-ல் வந்தது. அதற்கு முன்பே, டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே பீட்டர்சன் முதலானவர்களுடன் சேர்ந்து, மேலே சொன்ன கூழில் வளர்த்தால் மனித மார்பகத்தின் நல்ல செல்லும் புற்றுச் செல்லும் உருவத்தாலேயே பிரிந்து நிற்கும் என்று 1992-ல் காட்டியிருந்தார்கள். நல்ல செல்கள் ஒழுங்கான உருண்டையாகி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். புற்றுச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி உருக்குலைந்து கிடக்கும்.

1997-ல் வேலரி வீவர் தலைமையில் நடந்த சோதனையில், ஒரே பெண்ணின் மார்பகத் திசு வழி வந்த நல்ல செல்களையும் புற்றுச் செல்களையும் எடுத்தார்கள். வெளிவலையின் சேதியை உள்ளே கடத்தும் இன்டெக்ரின் என்ற புரதத்தின் ஒரு வகை, புற்றுச் செல்களில் மிகையாக இருந்தது. ஓர் எதிர்ப்பொருளால் அதைத் தடுத்தார்கள். உருக்குலைந்து கிடந்த செல்கள் ஒழுங்குக்கு வந்தன. உருண்டையாகின. பெருகுவதை நிறுத்தின. எலிகளுக்குள் செலுத்தியபோது கட்டிகள் குறைவாகவும் சிறியதாகவுமே வந்தன. அவற்றின் மரபணுக்கள் சரியாகிவிட்டனவா? இல்லை. எல்லாக் கோளாறும் அப்படியே உள்ளே இருந்தன. எதிர்ப்பொருளை எடுத்துவிட்டால் மறுபடி பழைய நிலைக்கே போயின.

அக்காவின் முதல் கேள்விக்கு வருவோம். அறுத்து எடுத்த பிறகு எங்கிருந்து வந்தது?

புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் கட்டியால் இறப்பதில்லை, பரவலால்தான் இறக்கிறார்கள். பரவல் கண்மூடித்தனமானது இல்லை என்று 1889-லேயே லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட் எழுதியிருக்கிறார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்த அவர், நோய் சில உறுப்புகளையே தேடிப் போவதைக் கவனித்தார். விதை எல்லாப் பக்கமும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கருத்து. நம் ஊர்ச் சம்சாரிக்குச் சொல்லித்தர வேண்டாத பாடம்.

கட்டியை வெட்டி எடுப்பதற்கு முன்பே அதிலிருந்து சில செல்கள் ரத்தத்தில் ஏறி எலும்பு, நுரையீரல் என்று போய்ச் சேர்ந்திருக்கலாம். எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவுக்குச் சில. பல ஆண்டுகள் பெருகாமல் உறங்கிக் கிடக்கலாம். கீமோ பெரும்பாலும் பெருகும் செல்களைத்தான் தாக்குகிறது என்பதால் உறங்குபவை தப்பிவிடவும் கூடும். அவற்றை உறங்க வைப்பது எது, எழுப்புவது எது?

இந்தக் கேள்வியை பிஸ்ஸெல்லின் ஆய்வகத்தில் சைரஸ் கஜார் எடுத்துக்கொண்டார். 2013-ல் வெளிவந்தது அவர்களுடைய முடிவு. எலிகளில் உறங்கும் புற்றுச் செல்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களின் மேல் ஒட்டிக் கிடந்தன. அமைதியாக இருக்கும் ரத்தக்குழாய், த்ரோம்போஸ்பாண்டின் என்ற புரதத்தால் அவற்றை உறக்கத்தில் வைக்கிறது. புதிதாகக் கிளைவிட்டு முளைக்கும் குழாயின் நுனியிலோ அந்தத் தாலாட்டு நின்றுவிடுகிறது. எழுப்பிவிடும் வேறு புரதங்கள் சுரக்கின்றன. செல்கள் விழித்துப் பெருகுகின்றன.

அக்காவின் முதுகெலும்பில் அணு அணுவாக இதுதான் நடந்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எலியில் கண்டது எல்லாம் மனிதரில் அப்படியே நடப்பதில்லை. ஆனால் மறைந்து கிடந்த செல்கள் ஆண்டுகள் கழித்து விழிப்பது மார்பகப் புற்றில் மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. மாத்திரை அந்த ஆபத்தைக் குறைக்கும். ஒரேயடியாக இல்லாமல் ஆக்காது. அக்கா தவறு எதுவும் செய்யவில்லை.

இந்த ஆய்வுகளை வட்டத்தில் பேசி முடித்த அன்று ஒரு தம்பி எழுந்தார். "தோழர், இது நம்ம கதைதானே? பிறப்பு இல்ல, சூழல்தான்னு அறிவியலே சொல்லிருச்சே!" கைதட்டல் விழுந்தது. நாங்களும் தட்டினோம். பிறகு வெகுநேரம் விவாதித்து, வேறொரு முடிவுக்கு வந்தோம்.

மனிதர் சமம் என்பதற்கு நமக்குக் கோழிக் கருவின் சாட்சியம் தேவையில்லை. நாளைக்கு ஓர் ஆய்வு வேறு மாதிரி சொன்னால் நம் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோமா? உயிரியலைக் காட்டி மனிதர்களை மேல் கீழ் என்று அடுக்கியவர்கள் செய்த அதே வேலையை, எதிர்ப்பக்கம் நின்று நாமும் செய்ய வேண்டாம். பிஸ்ஸெல் பேசும் சூழல், செல்லைச் சுற்றியுள்ள இழைகளும் குழாய்களும். நம் தெரு வேறு, அதற்கான நியாயம் வேறு. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உவமை இல்லை. ஒன்றை அதன் இடத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைத்தான்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். 'சூழல்' என்றதும் 'மனசைத் தெம்பா வெச்சா சரியாகிடும்', 'கீமோ வேண்டாம், இந்த லேகியம் போதும்' என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிஸ்ஸெல் சொன்னது அது இல்லை. மரபணுக் கோளாறை அவர் மறுக்கவும் இல்லை. அவர் காட்டிய வழியில் எளிய மருந்து எதுவும் கடைக்கு வந்துவிடவும் இல்லை. வெளிவலையைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்துகளைப் பல நிறுவனங்கள் 1990-களில் பெரிய நம்பிக்கையோடு நோயாளிகளிடம் சோதித்தன. அவை ஏமாற்றத்தில் முடிந்தன. அந்த வலை நாம் நினைத்ததைவிடச் சிக்கலானது.

அவருடைய வாழ்க்கையிலிருந்து மாணவர்களுக்கு ஒரு சொல். 1982-ல் கோட்பாடு, 1997-ல் அந்தச் சோதனை, 2013-ல் பரவல். முப்பது ஆண்டுகள் ஒரே கேள்வி. தொடக்கக் காலத்தில் அவர் கருத்தைப் பலர் பொருட்படுத்தவில்லை. அவர் உரக்கக் கத்தவில்லை. அடுத்த சோதனையைச் செய்தார். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது 2010-ல், எழுபது வயதில். கனடாவின் கெய்ர்ட்னர் விருது கிடைத்தது 2020-ல், எண்பது வயதில். இடையில் எத்தனை மாணவர்கள், எத்தனை சகாக்கள், எத்தனை தோற்ற சோதனைகள்! ஒரு பதிவு போட்டுவிட்டு மறுநாள் மாற்றத்தை எதிர்பார்க்கும் நமக்கு இது உறைக்க வேண்டும். எங்களுக்கு உறைத்தது.

அக்காவின் இரண்டாவது கேள்வி மிச்சமிருந்தது. மருத்துவரை மறுபடி பார்த்து, குடும்ப விவரம் எல்லாம் சொல்லிக் கேட்டோம். மார்பகப் புற்றில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் பெற்றோர் வழி வந்த மரபணுக் கோளாறு நேரடிக் காரணம். இளம் வயதிலேயே நோய் வந்தாலோ, நெருங்கிய உறவில் பலருக்கு இருந்தாலோ அதைச் சோதிக்கச் சொல்வார்கள். அக்காவின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. மகள் வயதுக்கேற்ப முறையாகப் பரிசோதித்துக்கொண்டால் போதும் என்றார்.

இதை அக்காவிடம் சொன்னபோது உறங்கும் செல்லின் கதையையும் சொன்னோம். "அப்போ இத்தனை வருசமா எனக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சா!" என்று வியந்தார். பிறகு எங்களுக்குத் தோன்றாத ஒன்றைச் சொன்னார். "ஏன் சாமி, எங்க அண்ணனும் நானும் ஒரு வயித்துல பொறந்தவங்கதானே? என் மகளுக்கு ஓடுற ரத்தந்தானே அண்ணி மகனுக்கும் ஓடுது? அதை மட்டும் எங்க வடிகட்டினாங்களாம்?" சொல்லிவிட்டு, வலியோடு விழுந்து விழுந்து சிரித்தார். அறிவியலும் அவர் பக்கம்தான். பரம்பரைக் கோளாறு ஆண்கள் வழியாகவும் கடத்தப்படும்.

"இதை எங்க அண்ணிகிட்டயும் போய்ச் சொல்லுங்க" என்றார். போனோம். அண்ணி காபி கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கல்யாணப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. அக்காவுக்குச் சிகிச்சை தொடர்கிறது; கைத்தாங்கலாக நடக்கிறார்.

அன்று கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்தார். வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மார்ல கட்டி மாதிரி தட்டுப்பட்டா எந்தக் கிழமை வரணும்?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை என்றோம். இந்தமுறை கட்டத்தில் டிக் அடிக்கவில்லை. "அன்னிக்கு வேலை இருக்காம்மா? காலை பஸ்ஸைப் பிடிக்க முடியுமா? கூட யாரு வருவா?" என்று கேட்டோம்.

கூட யாருமில்லை என்றார். நாங்கள் போனோம்.